குலுங்கியதும் கலங்கியதும்

என் தலையில் பலாப்பழம் விழுந்தது என்று சொன்னால் இன்றும் ஆட்கள் முதலில் சிரித்துவிட்டுத்தான் மற்றதைக் கேட்கிறார்கள். கேட்பதும் "பழம் என்ன ஆச்சு?" என்றுதான். தலை என்ன ஆச்சு என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இத்தனை வருஷம் ஆகிவிட்டதால் இப்போது எனக்கு அதில் கோபமில்லை. அப்போது இருந்தது, நிறையவே இருந்தது.

கல்யாணமாகி விழுப்புரத்துக்கு வந்த முதல் வருஷம் அது. நயா பைசா வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கடைத்தெருவில் இன்னும் அணாக் கணக்கில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ரயிலில் ஃபயர்மேன். இஞ்சினில் டிரைவருக்குப் பக்கத்தில் நின்று அடுப்பில் கரி வாரிப் போடுகிற வேலை. மாமனார் காலமாகி வெகுநாள். வீட்டில் அவரும் அவருடைய அம்மாவும் நானும் மட்டும். இஞ்சின்களை நிறுத்துகிற லோகோ ஷெட்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம்.

ஆனி மாதத்தில் ஒரு நாள், திண்டிவனத்தில் என் அம்மா வீட்டுப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போவதற்காக மாமியாரும் நானும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். பண்ருட்டியிலிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. மேலே கூரை முழுக்கப் பலாப்பழம். மேலே ஏறின ஆள் ஒவ்வொன்றாக இறக்கும்போது ஒன்று உருண்டுவிட்டது. பெரிய பழமாக இருந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. சின்னப் பழம்தான், என் தலையின் இடப்பக்கத்தில் ஒரு மோது மோதிவிட்டு, தோளில் பட்டு, தரையில் விழுந்து பிளந்தது.

கண் விழித்தபோது ஒரு பெஞ்சில் கிடந்தேன். முகத்தில் சோடா அடித்திருந்தார்கள். மாமியார் ஒரு கையால் என் தலையைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் அந்தப் பழத்தை அணைத்துக்கொண்டிருந்தார். பழத்துக்காரர் அதை அவரிடம் கொடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாராம். அன்று சாயங்காலமே எங்கள் தெருவுக்குச் சுளை பங்கு வைத்தார்கள். நல்ல தித்திப்பு என்றார்கள். நான் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். "எலும்பு உடையல. மூளை குலுங்கியிருக்கு. இருட்டுல படுக்கணும், சத்தம் ஆகாது, படிக்கக் கூடாது. கொஞ்ச நாள் தலைவலி, மயக்கம் இருக்கும். போகப் போகச் சரியாயிடும்" என்றார். வெளியே வந்ததும் மாமியார், செய்தி கேட்டு ஓடிவந்திருந்த மகனிடம் சொன்னார்: "மூளை குலுங்கிச்சாம்டா. இருந்தாத்தானே குலுங்கறதுக்கு." அவருக்குக் கவலை வந்தால் வாயில் கேலிதான் வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. வீட்டுக்காரர் சிரித்தார். நான் ரிக்ஷாவில் ஏறிய கையோடு வாந்தி எடுத்தேன்.

டாக்டர் சொன்ன கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போயிற்று. இடது கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி குடிவந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் லேசாக இருக்கும். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். தாளிக்கிற வாசனை வந்தால் குமட்டும். செய்தித்தாளை எடுத்தால் எழுத்தெல்லாம் சர்க்கரையைக் கண்ட எறும்பாக ஊரும். உப்பு எடு என்று சொல்ல நினைத்து, சீப்பு எடு என்பேன். கிணற்றடிக்குப் போய் நின்று, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் துணிக் கல்லில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இயல்பிலேயே எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அது இப்போது நெற்றிக்கே ஏறிவிட்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த லோகோ ஷெட். இஞ்சின் ஊதினால் மண்டைக்குள் ஆணி இறங்கும். விழுப்புரம் ஜங்ஷனில் ஊதாத நேரம் என்று ஒன்று உண்டா? வடக்கே போகிற வண்டி, தெற்கே போகிற வண்டி, பாண்டிச்சேரி வண்டி, திருவண்ணாமலைப் பக்கம் போகிற வண்டி, இவை போதாதென்று பெட்டிகளை இழுத்து மாற்றுகிற ஷண்டிங். நான் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் குந்திவிடுவேன். மேலே காயமும் இல்லை, கட்டும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு, நன்றாக இருக்கிற ஒரு பெண் திடீர் திடீரென்று காதைப் பொத்திக்கொண்டு குந்துகிறாள்.

டாக்டர் சொன்ன வார்த்தை இந்தச் சமயத்தில்தான் கெட்டுப்போனது. குழாயடியில் என் மாமியார் "குலுங்கிப் போச்சு" என்று சொன்னதை ஒருத்தி "கலங்கிப் போச்சு" என்று வாங்கிக்கொண்டு போனாள். அவரே இரண்டு தடவை அப்படிக் கேட்டதும், அதுதான் டாக்டர் சொன்னது என்று நம்பிவிட்டார். இரண்டு எழுத்துதான் மாறியது, என் கதையே மாறிவிட்டது. மூளை கலங்கினவள் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னிடம் மெதுவாக, சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்தார்கள். "பொண்ணு வூட்டுக்கே அனுப்பி வெச்சுட்டா நல்லது" என்று ஜன்னலுக்கு வெளியே ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. காது நன்றாகக் கேட்டதுதானே என் நோயே.

ஆடி பிறந்தது. புதுப் பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம்தான். அப்பா வந்து அழைத்தபோது மாமியார் வாசல்வரை வந்தார்.

"அமாவாசைக்கு நானே வந்து மேல்மலையனூருக்குக் கூட்டிக்கினு போறேன் சம்மந்தி. பம்பை அடிச்சுக் கேட்டா இன்னா புடிச்சிருக்குதுன்னு தெரிஞ்சிப்போவும். நேரானதும் இங்க வரட்டும்."

நேரானதும். அப்படியென்றால் நேராகாவிட்டால்? அப்பா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மலையனூர் அங்காளம்மன் மேல் எனக்குப் பயமும் உண்டு, பக்தியும் உண்டு. ஆனால் ஒரு கரண்டி கீழே விழுந்தாலே துடிக்கிற தலையைப் பம்பைக்கும் உடுக்கைக்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்தினால் நான் கட்டாயம் ஆடிவிடுவேன், அலறிவிடுவேன். அதோடு ஊர் முடிவு செய்துவிடும். நான் திரும்ப அவரோடு வாழ முடியாமலே போய்விடும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்தபோது வலியைவிடப் பயம் பெரிதாக இருந்தது. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவரை எனக்குப் பிடித்திருந்தது.

திண்டிவனத்தில் வேறு ஒரு கூத்து காத்திருந்தது. போய்ப் பத்து நாள் ஆனபின் ஒரு காலையில் நான் தோட்டத்துப் பக்கம் வாந்தி எடுத்ததை எதிர்வீட்டு அக்கா பார்த்தாள். அதற்கடுத்த நாள், தலை சுற்றி நான் தூணைப் பிடித்துக்கொண்டதையும் பார்த்தாள். கல்யாணமாகிச் சில மாதம், வாந்தி, மயக்கம், வாசனை ஆகவில்லை. இதற்குமேல் அவளுக்கு டாக்டர் எதற்கு? மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது, நான் மாசமாக இருக்கிறேன் என்று.

அப்படி இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். போன வாரம்தான் நான் அம்மா வீட்டுப் பின்கட்டில் விலகி உட்கார்ந்து எழுந்திருந்தேன். ஆனால் அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்து வைத்தாள். "எந்த வாயால மூளை கலங்கிச்சுன்னு சொல்லுவாளுங்களோ, அந்த வாய் இதையே சொல்லிக்கினு இருக்கட்டும்" என்று உள்ளே வந்து என்னிடம் சொன்னாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைத்தாச்சிக்குக் கிடைக்கிற மரியாதை தலைவலிக்காரிக்குக் கிடைப்பதில்லை. தெருவில் எனக்காகச் சத்தம் குறைந்தது. எதிர்வீட்டு அக்கா தன் பிள்ளைகளை "அக்கா படுத்திருக்குது, அந்தாண்ட போயி ஆடுங்கடா" என்று விரட்டினாள். நான் பகலில் இருட்டறையில் படுத்தால் யாரும் காரணம் கேட்கவில்லை. எரிந்து விழுந்தால் "மசக்கைல அப்படித்தான்" என்றார்கள். மாங்காய் வந்தது, நாரத்தங்காய் ஊறுகாய் வந்தது, மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற வேர்க்கடலை வேகவைத்து வந்தது. டாக்டர் சொன்ன வைத்தியம் எழுத்துக்கு எழுத்து நடந்தது, வேறு நோய்க்கு என்பதைத் தவிர. அம்மா சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவாள். நான் வெகுநாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவதை என்னால் உணர முடிந்தது.

எதிர்வீட்டு அக்காவின் தங்கை விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள் என்பதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அமாவாசைக்கு முன்பே ஒரு நாள் காலையில் மாமியாரும் அவரும் வாசலில் வந்து நின்றார்கள். மாமியார் கையில் ஒரு கூடை. கூடையில் கிளிமூக்கு மாங்காய், கண்ணாடி வளையல், மல்லிகைப்பூ. வந்ததும் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதா? இதுக்கா இவ்ளோ பேஜாரு. மலையனூருக்கு இப்ப வாணாம்டி. வயித்துல இருக்கும்போது பம்பைச் சத்தத்துல நிக்கக் கூடாது."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மா என்னையே பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பம்பை இல்லை, பைத்தியம் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் கதவருகில் செருப்பைக்கூடக் கழற்றாமல், சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"அத்தே, எனக்கு மாசமும் இல்ல, மூளையும் கலங்கல. தலை வலிக்குது. அவ்ளோதான். அன்னைலேர்ந்து அதையேதான் சொல்லிக்கினு இருக்கறேன்."

கூடை மெதுவாகத் தரைக்கு இறங்கியது. மாமியார் வளையலை முந்தானையால் மூடினார். அதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது. பிறகு, "அப்ப மலையனூருக்குப் போய்த்தான் ஆவணும்" என்றார்.

வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"சத்தம் கேட்டா வலிக்குதா, சும்மா இருந்தாலும் வலிக்குதா?"

பழம் விழுந்த நாளிலிருந்து என் வலியைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அந்த ஒரு கேள்விக்காகவே அவர் மேல் எனக்கு உயிர் வந்துவிட்டது.

"சும்மாவும் வலிக்குது. சத்தம் கேட்டா ஜாஸ்தியாவுது. அதுவும் திடீர்னு வந்தாத்தான் தாங்கல. வரப்போவுதுன்னு தெரிஞ்சா அவ்ளோ இல்லீங்க."

அவர் தலையை ஆட்டினார். தன் அம்மாவிடம் திரும்பி, "யம்மா, ஊதறதுக்கு முன்ன எங்க டிரைவர் என்னைப் பாத்துக் கண்ணைக் காட்டுவாரு. அதனால எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. புதுசா வர்றவன் பக்கத்துல நின்னான்னா துள்ளி வுழுவான். அதே சத்தம்தான். இவளுக்குப் புடிச்சிருக்கறது பேய் இல்லம்மா, இஞ்சின் ஊதல்" என்றார். மலையனூருக்குத் தானே போய்ச் சூலத்தில் எலுமிச்சம்பழம் குத்திவிட்டு வருவதாகவும் சொன்னார்.

மாமியார் லேசில் விடுகிறவர் இல்லை. "கார்த்திகை தீபத்துக்குள்ள வூட்டுக்கு வந்து வெளக்கேத்தணும். இல்லன்னா பம்பைக்காரனை வூட்டுக்கே கூட்டியாந்துடுவேன்" என்றார். வளையலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். மாங்காயை வைத்துவிட்டுப் போனார்.

ஆகவே தீபத்துக்குள் நான் ஊதலுக்குப் பழக வேண்டும். அவர் வேலை செய்த சாயங்கால பாசஞ்சர் பேரணி, மயிலம் ஸ்டேஷன்களில் எல்லாம் நின்று திண்டிவனத்துக்கு வரும். முதலில் அம்மா வீட்டுத் தோட்டத்தில் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டேன். தூரத்தில் ஊதும். இது அவர் வண்டி, இப்போது ஊதும் என்று தெரிந்து கேட்டால் ஆணி இறங்கவில்லை; தட்டியதோடு நின்றது. பிறகு ஸ்டேஷன் ரோட்டுப் புளியமரம்வரை போனேன். ஐப்பசி வாக்கில் பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சுவரை போய்விட்டேன். அப்பா துணைக்கு வந்து, தனக்குச் சம்பந்தமில்லாதவர்போலத் தள்ளி நிற்பார்.

வண்டி புறப்படும் முன் வீட்டுக்காரர் இஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்துத் துண்டை ஒரு வீசு வீசுவார். வெள்ளைத் துண்டு என்று அவர்தான் சொல்லிக்கொள்வார். கரி ஏறி அது அடுப்படித் துணியாக இருக்கும். துண்டு ஆடினால் ஊதல் வரப்போகிறது என்று அர்த்தம். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். டிரைவர் வயதான மனுஷர், குறும்புக்காரர். ஒரு நாள் இஞ்சினிலிருந்து தலையை நீட்டி, பிளாட்பாரம் முழுக்கக் கேட்க, "இன்னாம்மா, ஊதட்டுமா?" என்றார். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. தலையை ஆட்டினேன். ஊதினார். அப்புறம் தினமும் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு பாசஞ்சர் வண்டியே என் உத்தரவுக்குக் காத்திருந்து புறப்பட்ட காலம் அது. அந்தப் பெருமை இன்றும் எனக்கு உண்டு.

எல்லா நாளும் அப்படியே போகவில்லை. ஒரு நாள் துண்டும் இல்லாமல் கேள்வியும் இல்லாமல் ஒரு கூட்ஸ் வண்டி அலறிக்கொண்டு பிளாட்பாரத்தைக் கடந்தது. பெஞ்சிலேயே சரிந்துவிட்டேன். அப்பா தோளைத் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுபடியும் இருட்டறை, மறுபடியும் சுக்குப் பற்று. இனி அவ்வளவுதான், பம்பைதான் என்று சுவரைப் பார்த்து அழுதேன். ஆனால் முன்பு ஒரு வாரம் படுத்த இடத்தில் இப்போது சீக்கிரமே எழுந்துவிட்டேன். எழுந்ததும் முதலில் கேட்டது, பாசஞ்சர் வந்துவிட்டதா என்றுதான்.

தீபத்துக்கு முன்பே விழுப்புரத்துக்குப் போய்விட்டேன். அவர் வேலை செய்த வண்டியிலேயே, இஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் உட்கார்ந்து போனேன். தலைவலி போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அதுவும் கூடவே வந்தது, ஆனால் முன்போல என் மடியில் உட்காரவில்லை.

முதல் நாள் காலையில் மாமியார் தவலையை முற்றத்தில் தொப்பென்று வைத்தார். நான் துள்ளினேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மறுநாள் கிணற்றடியிலிருந்து குரல் வந்தது: "தவலை வெக்கப் போறேன்டி." பிறகு தொப். அதன்பின் வீட்டில் அறிவிக்காமல் எந்தச் சத்தமும் வரவில்லை. "உலக்கை போடப் போறேன்டி." "கதவைச் சாத்தறேன்டி." ஒரு தரம் "தும்மப் போறேன்" என்று சொல்ல ஆரம்பித்து, சொல்லி முடிப்பதற்குள் தும்மிவிட்டார். இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்குத் தலை வலித்தது. வலித்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. தலைவலி மாதம் ஒரு தடவை, பிறகு மழைக்காலத்தில் மட்டும் என்று குறைந்துகொண்டே வந்தது. ரயில் பாதை ஓரத்தில் மின்சாரக் கம்பத்துக்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்த சமயத்தில் ஒரு நாள் காலையில் வாந்தி எடுத்தேன். மாமியார் ஓடிவந்தார்.

"பழைய தலைவலிடி. போயி இருட்டுல படு, சுக்கு இழைச்சுக்கினு வர்றேன்."

"அத்தே, இது தலை இல்ல" என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு தரம் ஏமாந்தவர் அல்லவா. நெற்றியில் பற்றைப் போட்டுவிட்டுத்தான் போனார். தலைவலி என்று சொன்னபோது மாசம் என்றவர்கள், மாசம் என்று சொன்னபோது தலைவலி என்றார்கள். மருத்துவச்சி வந்து சொன்ன பிறகுதான் பற்றைக் கழுவ விட்டார்.

வளைகாப்பு விழுப்புரத்து வீட்டிலேயே நடந்தது. முற்றம் நிறையப் பெண்கள். மாமியார் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, அன்று திண்டிவனத்திலிருந்து திரும்ப எடுத்துப் போன அதே கண்ணாடி வளையல்களைக் கொண்டுவந்தார். நான் பார்த்ததும் கண்டுகொண்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில், "சத்தம் வருதுடி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வளையலை ஏற்றினார்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரி ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "மூளை கலங்கின பொண்ணாச்சே. பொறக்கறது எப்படி இருக்குமோ" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது, என் காதுதான் தெரியுமே. அத்தனை வருஷம் கழித்தும் அந்த ஒரு சொல் என்னைத் தேடி வந்துவிட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் எல்லாம் வற்றிப்போயிற்று.

மாமியாருக்கும் கேட்டிருக்கிறது. என் கையை விடாமலே திரும்பினார்.

"கலங்கலடி. குலுங்கிச்சு. டாக்டரு சொன்னாரு, நானும் கூட இருந்தேன். உள்ள இருந்தாத்தானே குலுங்கும்? உனுக்கு ஒரு வண்டி பலாப்பழத்தைக் கொட்டினாலும் குலுங்காது."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் திரும்பி அடுத்த வளையலை எடுத்து, "சத்தம் வருதுடி" என்றார். நான் கையை நீட்டினேன்.